கூரை வேய்பவனைத் தூக்கிலிடுவது பற்றி

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

ஆண்டவர் காப்பாற்றுகிறார், முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் எனக்குச் சுகம். உங்கள் பிரஷரும் பேபி மச்சாளின் தோள்மூட்டும் எப்படி? நீங்கள் கேட்டபடி கடிதமாகவே எழுதுகிறேன். போன் எடுத்தால் மச்சாள் வாங்கிக்கொண்டு போய்விடுகிறா. அண்ணனும் தங்கையும் பேசிப் பல காலம் என்று நீங்கள் சொன்னது சரிதான்.

ஒரு புதினச் செய்தி. எங்கள் பங்குக் கோவிலின் நத்தார் ஒளிவிழாவுக்கு இந்த வருடம் நாடகம் எழுதுவது நான். போன வருடம் மூன்று ஞானிகள் நாடகத்தில் ஒட்டகத்தின் பின்பாதி கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. முன்பாதி தனியாகப் பெத்லகேம் போய்ச் சேர்ந்தது. பாதர் என்னைக் கூப்பிட்டு, "செலீன் அக்கா, மிருகம் இல்லாத கதை ஒண்டு எழுதுங்கோ" என்றார்.

நான் உங்கள் ஊர்க் கதையை எடுத்திருக்கிறேன். இங்கிலாந்து, 1381. தலைவரிக்கு எதிராக எசெக்ஸ் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்த காலம். அதற்குள் இரண்டு பேரை நானாகப் படைத்து வைத்திருக்கிறேன். இசபெல் சீமாட்டி, என்னைப் போல ஒரு விதவை, ஆனால் பிரபுவின் விதவை. தோமஸ், அவள் மாளிகைக்குக் கூரை வேய வருகிறவன். அவன் வரி கட்ட மறுத்துக் கிளர்ச்சியில் சேர்கிறான். நடுவில் இருவருக்கும் காதல் வந்துவிடுகிறது. தோமஸாக வினோதனும் இசபெல்லாக மெலனியும் நடிக்கிறார்கள். இரண்டு பேரும் யூனிவர்சிற்றிப் பிள்ளைகள். என் மகன் மரியோவும் மிசிசாகாவிலிருந்து வந்து நடிக்கச் சம்மதித்துவிட்டான். தனக்கு வசனமே இருக்கக்கூடாது என்பது அவன் நிபந்தனை. அதனால் தூக்கிலிடுபவனாகப் போட்டிருக்கிறேன்.

முடிவுதான் வரமாட்டேன் என்கிறது. தோமஸும் இசபெல்லும் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எழுதலாமா? நீங்கள் வரலாற்றுச் சங்கத்தில் இருப்பவர், சொல்லுங்கள்.

உங்கள் இருவருக்காகவும் செபிக்கும்
தங்கை செலீன்


பிரென்ற்வுட், எசெக்ஸ்
4 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை செலீனுக்கு,

உன் கடிதம் கண்டோம், மகிழ்ந்தோம். பிரஷர் மருந்தின் அளவில் நிற்கிறது. மச்சாளின் தோள்மூட்டு, வேலை சொல்லும்போது மட்டும் நோகிறது.

நீ எடுத்துக்கொண்ட கிளர்ச்சி தொடங்கியதே நான் இருக்கும் இந்தப் பிரென்ற்வுட்டில்தான். வரி விசாரிக்க வந்தவர்களை இங்குள்ள சனம் அடித்துத் துரத்தியது. இளம் அரசன் மைல் எண்டில் அவர்களைச் சந்தித்து, கேட்டதெல்லாம் தருவதாக வாக்குக் கொடுத்தான். சனம் நம்பிக் கலைந்தது. பிறகு வாக்கு வாபஸ், ஊரூராகத் தூக்குமரம். மிகுதியை இத்துடன் நான்கு பக்கத்தில் வைத்திருக்கிறேன். அடிக்குறிப்புகளையும் வாசிக்கவும்.

சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று எழுத வரலாறு இடம் தராது. கூரை வேய்பவன் தூக்கில் தொங்க வேண்டும். சீமாட்டி கன்னியர் மடத்தில் சேர வேண்டும். சனம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போக வேண்டும். அதுதான் நாடகம்.

ஆண்டவர் உன்னைக் காக்க,
அண்ணன் அருள்நாயகம்


வெக்ஸ்போர்ட்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அடிக்குறிப்புகளை வாசித்தேன். எழுத்துத்தான் சின்னது, புதுக் கண்ணாடிக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒத்திகை தொடங்கியாயிற்று. வினோதன் நல்ல உயரம், நல்ல பிள்ளை. ஆனால் வாளைத் தூக்கிக்கொண்டு "வரி கொடுக்க மாட்டோம்!" என்று முழங்க வேண்டிய இடத்தில் "வாரிக் கொடுக்க மாட்டோம்!" என்கிறான்.

"தம்பி, வாரி இல்லை, வரி. ரக்ஸ்."

"அதைத்தானே அன்ரி சொல்லுறன். வாரி."

கூரை வேய ஏணி வேண்டுமே என்று எங்கள் கட்டடத்தில் இருக்கும் நவரட்ணம் என்பவரிடம் இரவல் கேட்டிருந்தேன். அவர் தானே தூக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்க ஏறியவர், வினோதனின் முழக்கத்தைக் கேட்டு மேலே நின்று சிரித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சிரிக்கிறவை சொல்லிக் காட்டலாமே" என்றேன்.

ஏணியில் நின்றபடியே சொல்லிக் காட்டினார். பாதர் மண்டபத்துக்குள் ஓடிவந்து, "என்ன சண்டை? ஆர் ஆரை அடிச்சது?" என்று கேட்டார். நவரட்ணம் லோறன்ஸ் வீதியில் முப்பது வருடம் பஸ் ஓட்டி இளைப்பாறியவராம். வினோதன் தானாகவே வாளை நீட்டி, "அங்கிள், நீங்களே செய்யுங்கோ. நான் படைவீரனா வாறன்" என்று சொல்லிவிட்டான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை நான் அதுவரை கண்டதில்லை.

நவரட்ணம் சைவ சமயத்தவர். கிளர்ச்சிக்காரனுக்கு ஞானஸ்நானம் கட்டாயமில்லை என்று பாதர் சொல்லிவிட்டார். ஒரு குறைதான். சனத்தைத் திரட்டும் காட்சியில் பழக்கதோஷத்தில் "பின்னுக்கு நகருங்கோ! பின்னுக்கு நிறைய இடமிருக்கு!" என்று கத்துகிறார். எல்லோரும் நகருகிறார்கள். அதனால் கிளர்ச்சி மேடையின் பின்சுவரில் போய் முடிகிறது.

அன்புடன்
செலீன்


பிரென்ற்வுட்
8 ஒக்ரோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

தேவ கிருபையால் இங்கு குறையில்லை. குளிர் தொடங்கிவிட்டது, காதை மூடிக்கொண்டு வெளியே போகவும்.

இந்த நவரட்ணம் எந்த ஊர்? ஆருடைய ஆள்? கிளர்ச்சிக்காலத்தில் கூரைத் தொழில் செய்தவன் இளந்தாரியாகத்தான் இருந்திருப்பான். இளைப்பாறிய பஸ் சாரதியை அங்கே ஏற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மெலனிக்கும் பொருந்தாது. வினோதனுக்கு 'வரி'யைச் சொல்லிக்கொடு, காலமிருக்கிறது.

தூக்குமரக் காட்சியை எழுதிவிட்டாயா? அனுப்பி வை.

அன்புள்ள
அண்ணன் அருள்நாயகம்

மச்சாள், பேபி எழுதுறன். இவர் கோப்பி குடிக்க எழும்பின நேரம் பேனையை எடுத்திட்டன். அந்த ஏணிக்காரருக்கு மனிசி இருக்கிறாவோ?


வெக்ஸ்போர்ட்
27 ஒக்ரோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

காதை மூடிக்கொண்டுதான் போகிறேன், கவலை வேண்டாம். நவரட்ணத்தின் ஊர் அளவெட்டி. மச்சாளின் கேள்விக்குப் பதில்: இல்லை, காலமாகிவிட்டா.

நீங்கள் சொன்னதுபோலவே மெலனிக்குப் பொருந்தவில்லை. தன் அப்பாவைவிட வயதானவரைப் பார்த்து "என் உயிரே" என்று சொல்லச் சிரிப்பு வருகிறதாம். விலகிவிட்டாள். எல்லா வசனமும் பாடமாக உள்ளவள் நான் ஒருத்திதான். ஆகவே இசபெல் சீமாட்டி இப்போது நான். வேறு வழியில்லை.

நன்றி நவிலல் நாளுக்கு மரியோ வீட்டுக்குப் போக முடியவில்லை. ஒத்திகை இருந்தது. மற்றவர்களெல்லாம் வான்கோழி சாப்பிடப் போய்விட்டதால், இரண்டு பேர் மட்டும் வரும் காட்சிகளைப் பார்த்தோம்.

தோமஸின் பாத்திரத்தைக் கொஞ்சம் வளர்த்திருக்கிறேன். அவர் மாளிகைக்கு வந்தால் விறுக்கென்று உள்ளே நுழைய மாட்டார். வாசலில் நின்று, "சீமாட்டி, எங்கே ஒழுகுகிறது?" என்று கேட்பார். ஒழுக்கை அடைத்த பிறகும் ஒரு மழை வரும்வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் போவார். அப்படி ஒரு மனிதர் அந்தக் காலத்தில் இருந்திருக்க மாட்டாரா?

ஒரு வரலாற்றுச் சந்தேகம். பிரபுவின் விதவை மறுமணம் செய்வதானால் அரசனிடம் அனுமதி கேட்க வேண்டுமாம் என்று நூலகப் புத்தகம் ஒன்றில் வாசித்தேன். கேட்காமல் செய்தால் என்ன நடக்கும்?

உங்கள் இருவரின் சுகத்துக்கும் மன்றாடும்
செலீன்


பிரென்ற்வுட்
12 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். சுகமாயிருப்பாய் என்று நினைக்கிறேன்.

உன் சந்தேகத்துக்கு விடை. ஓம், அனுமதி கட்டாயம். கேட்காமல் மணந்தால் தண்டம். நிலத்தைக்கூடப் பறிக்கலாம். நல்ல கேள்வி, சங்கத்திலும் எடுத்துச் சொன்னேன், பாராட்டினார்கள்.

மொழிப்பிழை ஒன்று. ஓகஸ்ட் கடிதத்தில் தோமஸ் 'அவன்'. ஒக்ரோபரில் 'அவர்'. கூரை வேய்பவனுக்கு மரியாதைப் பன்மை எதற்கு? திருத்தவும். மழைக்குக் காத்திருந்து பார்ப்பதெல்லாம் நம்பும்படி இல்லை; அன்றைய தொழிலாளி கூலியை வாங்கினால் போய்விடுவான்.

நாடகம் நெருங்குகிறது. மறுபடி சொல்கிறேன், அவன் சாக வேண்டும். பாதரோ வேறு எவரோ இரக்கப்பட்டாலும் விட்டுவிடாதே. குடும்பத்தில் மூத்தவன் சொல்கிறேன்.

அன்புள்ள
அண்ணன்


வெக்ஸ்போர்ட்
21 டிசம்பர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

பிறக்கப்போகும் பாலன் உங்கள் வீட்டில் சமாதானத்தைத் தரட்டும். இங்கே தபால்காரர்களின் வேலைநிறுத்தம் இந்த வாரந்தான் முடிந்தது. நீங்கள் ஏதும் எழுதியிருந்தால் அது எந்த மூட்டைக்குள் கிடக்கிறதோ தெரியாது. தூக்குமரக் காட்சி பற்றி உங்களைக் கேட்க ஆசைப்பட்டேன், வழியில்லாமல் போயிற்று.

நாடகம் நடந்தது. மண்டபம் நிறைந்த சனம். கடைசிக் காட்சி வரை நான் எழுதியபடியே நடந்தது. கிளர்ச்சிகூடப் பின்சுவருக்குப் போகாமல் நடுமேடையில் நின்றது. அரசன் வாக்கை மீறினான். தோமஸைக் கட்டி இழுத்து வந்தார்கள். நீங்கள் சொன்னதுபோல அவர் தலையைக் குனிய வேண்டும், நான் மயங்கி விழ வேண்டும், திரை விழ வேண்டும். மரியோ கறுத்த முகமூடியோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நவரட்ணம் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து நின்று சனத்தைப் பார்த்தார்.

"நான் சாகமாட்டன்" என்றார்.

மரியோ முகமூடிக்குள்ளிருந்து, "அங்கிள், என்ன செய்யிறியள்? அம்மா எழுதினது உப்பிடி இல்லை" என்று குசுகுசுத்தான். அவனுக்கு மைக் கொடுத்திருந்தது எவருக்கும் நினைவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்டது.

"எனக்குத் தெரியும், தம்பி. நான் முதல்நாளே உம்மடை அம்மாவிட்டைச் சொன்னனான், உந்த முடிவு சரியில்லை எண்டு. அரசன் தன்ரை வாக்கை மீறலாமெண்டால், நான் எனக்கு எழுதின சாவை மீறக் கூடாதோ?" பிறகு என் பக்கம் திரும்பினார். "சீமாட்டி, ஒரு மனிசி போய்ச் சேர்ந்திட்டா. நானும் ஒருக்கால் செத்துப்போனவன் மாதிரித்தான் இருந்தனான். இன்னொருக்கால் ஏலாது. நீர் என்ன சொல்லுறீர்?"

அண்ணை, அதுவரைக்கும் அவர் என்னை 'நீங்கள்' என்றுதான் பேசுவார். வீட்டுக்காரர் போல 'நீர்' என்றது அன்றைக்குத்தான்.

எனக்கு அங்கே வசனம் இல்லை. மயங்கி விழுவதற்கென்று மெத்தை ஒன்று பின்னால் போட்டிருந்தது. விழுந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நான் விழவில்லை. சீமாட்டிக்கு எழுதிவைத்த செந்தமிழில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

"சரி. அப்ப வீட்டுக்கு வாங்கோ" என்றேன்.

சனம் எழும்பி நின்றது. கோவிலின் மரியாயின் சேனைப் பெண்கள் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். சிரித்தா அழுதா என்று தெரியவில்லை. திரை இழுப்பவன் கைதட்டிக்கொண்டு நின்றதால் திரை விழவில்லை. மரியோ கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முகமூடியைக் கழற்றினான். என்ன சொல்லப்போகிறானோ என்று எனக்குப் பயம். "அம்மா, இது ரிகேசலா உண்மையா?" என்று கேட்டான். "உண்மை" என்றேன். அவன் நேரே போய் நவரட்ணத்தின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டான். அந்த முடிச்சைத் தானே இறுக்கிக் கட்டியிருந்ததால் அதற்குக் கனநேரம் சென்றது.

உயிர்த்த ஞாயிறு முடிந்து மே மாதத்தில் திருமணம் செய்ய முடிவெடுத்திருக்கிறோம். பாதர் ஆயர் அலுவலகத்தில் அனுமதிக்கு எழுதியிருக்கிறார். அவரை மதம் மாறச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் என்னைக் கேட்கவில்லை. நீங்களும் மச்சாளும் வந்து முன்னுக்கு நிற்க வேண்டும்.

நத்தார் வாழ்த்துகளுடன்
தங்கை செலீன்


வெக்ஸ்போர்ட்
14 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நலமா? உங்கள் நவம்பர் கடிதம் இன்றைக்குத்தான் கிடைத்தது. அவன் சாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். மன்னிக்கவும், அவர் இப்போது கீழே பனி தள்ளிக்கொண்டிருக்கிறார்.

மரியாதைப் பன்மையைத் திருத்தும் எண்ணம் இல்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
செலீன்


பிரென்ற்வுட்
9 பெப்ரவரி 2025

அன்பின் மச்சாளுக்கு,

பேபி எழுதிக்கொள்வது. நீங்களும் அவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். உங்கள் அண்ணர் பதில் போடவில்லை என்று மனம் நொந்து போயிருப்பீர்கள். அதனால் அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

டிசம்பர்க் கடிதத்தை வாசித்த அன்று மனிசன் சாப்பிடவில்லை. "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லாமல் முடிவெடுத்திட்டாள்" என்று வீடு முழுக்க நடந்தார். "உங்களுக்குத்தானே ஒக்ரோபரிலயே சொல்லிட்டா" என்றேன். "எங்கே சொன்னாள்?" என்று கேட்டார். ஒக்ரோபர்க் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். விதவை, அனுமதி என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டு தரம் வாசித்தார். "இதையெல்லோ நான் சங்கத்தில எடுத்துச் சொன்னனான்" என்றார். பாவமாக இருந்தது, ஆனாலும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. குசினிக்குள் போய்ச் சிரித்தேன்.

மரியோ நாடகத்தின் வீடியோவை என் போனுக்கு அனுப்பியிருந்தான். பார்க்கவே மாட்டேன் என்றவர், மூன்றாம் நாள் "வரலாற்றுப் பிழை எத்தினை கிடக்கெண்டு பாப்பம், தாரும்" என்று வாங்கினார். அன்றிலிருந்து போன் அவரிடம்தான். ஒவ்வொரு நாளும் பிழை பார்க்கிறார். காதுக்குள் வைக்கும் மெஷினைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நீங்கள் கடைசியாகச் சொல்லும் வசனத்திலிருந்துதான் பிழை பார்க்கத் தொடங்குகிறார்.

கொஞ்சம் பொறுங்கோ, மச்சாள். நான் சேலை பார்த்துவிட்டேன்.

அன்பு மறவாத
பேபி


பிரென்ற்வுட்
3 மார்ச் 2025

அன்புத் தங்கை செலீனுக்கு,

நீ நலமென்று எனக்குத் தெரியும். உன் மச்சாள் எழுதியதும் எனக்குத் தெரியும்.

நாடகத்தைக் கவனமாக ஆராய்ந்தேன். உருளைக்கிழங்கு அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கு வந்திருக்கவில்லை. விருந்துக் காட்சியில் உள்ள கட்லட் பெரும் பிழை. அரசன் கையில் மணிக்கூடு கட்டியிருக்கிறான். தூக்கிலிடுபவன் சப்பாத்தில் சிவப்பு லைற் மின்னுகிறது.

கடைசிக் காட்சியில் எதுவும் திருத்த விரும்பவில்லை. உன் கணவர் றெமிஜியஸை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ மெதுவாகத்தான் பேசுவாய், போனில் நான் இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். மச்சாள் பறித்துக்கொள்கிறாள் என்று சொன்னேன். உண்மையில் நான்தான் அவளிடம் போனைக் கொடுத்துவிடுவேன். அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஏலாது. அந்த மேடையில் நீ சொன்னது மெஷின் இல்லாமலே எனக்குக் கேட்டது.

மே பத்தாம் திகதி வருகிறோம். அவருக்குச் சொல், அரசனின் வாக்குறுதி பற்றி அவரோடு நேரில் பேச வேண்டிய விடயங்கள் இருக்கின்றன.

அண்ணன்
அருள்நாயகம்


பிரென்ற்வுட்
16 ஜூன் 2025

அன்பின் மச்சான் நவரட்ணத்துக்கு,

நீரும் செலீனும் ஆண்டவர் துணையால் நலமாயிருக்க வேண்டும். நாங்கள் பத்திரமாக வந்து சேர்ந்தோம். பேபி கொண்டுவந்த பெட்டியின் நிறையைப் பற்றி விமான நிலையத்தில் நடந்ததைத் தனியாக எழுதுவாள்.

இது நான் உமக்கு எழுதும் முதற் கடிதம். தங்கைக்கு எழுதும்போது கீழே உம்மை விசாரித்து ஒரு வரி போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அது முறையில்லை என்று பட்டது.

திருமண விருந்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். விமானத்திலேயே எழுதி வைத்திருந்தேன், மூன்று பக்கம், 1381இலிருந்து தொடக்கம். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு செலீனைப் பார்த்தேன். ஒரு சொல் வரவில்லை. மண்டபம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியும் அகப்படவில்லை. அப்போது நீர் மணமேடையில் இருந்தபடி, "சாப்பாடு ஆறுது! எல்லாரும் எழும்புங்கோ! பின்னுக்கு நிறைய இடமிருக்கு!" என்று கத்தினீர். முழுச் சனமும் எழும்பிப் பின்னுக்குப் போய்விட்டது. என்னை எவரும் பார்க்கவில்லை. நீர் பசியில் கத்தினீர் என்று பேபி சொல்கிறாள். இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்லாமல் விமானம் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

செப்டம்பரில் இருவரும் இங்கே வாருங்கள். அறையைப் பேபி ஒழுங்கு செய்துவிட்டாள். எமது சங்கத்தில் உம்மைப் பேச வைக்கலாமா என்று யோசிக்கிறேன். தலைப்பை நான் தருகிறேன். நீர் அதை விட்டு விலகக் கூடாது. விலகுவீர் என்று தெரியும்.

கடைசியாக ஒன்று. செலீன் எப்போதும் நலம் என்றுதான் எழுதுவாள். றெமிஜியஸ் படுக்கையில் கிடந்தபோதும் அப்படித்தான் எழுதினாள், நானும் நம்பிக்கொண்டு இங்கே இருந்தேன். எனக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாது என்பது இந்த வருடம் வீட்டில் நிரூபணமாகிவிட்டது. ஆகையால் இனி அவள் எழுதி முடித்த பிறகு அந்தத் தாளை நீர் வாங்கும். அவள் விட்டுவிட்டதைக் கீழே நீர் எழுதும். சத்தமாக எழுதும்.

உமது மச்சான்
அருள்நாயகம்